ஹாரன் சாந்தமாக இருந்த மாதங்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய கற்பனை எதுவும் வேண்டியதில்லை. வைத்தவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். வீட்டிலும் அந்தப் பெயர் தெரியும். மகள் வெளியிலிருந்து வந்ததும், "ஹாரன் வந்தாச்சா?" என்று கேட்பாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டுவிட்டால் கேட்கமாட்டாள்.

டிரைவிங் ஸ்கூலின் வெள்ளை வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் மூன்று பெடல்கள், பக்கத்தில் உட்காரும் ஹாரனின் காலடியில் இரண்டு: கிளட்ச், பிரேக். காலும் வாயும் சேர்ந்தே வேலை செய்யும். பிரேக்கை மிதிக்கிற அதே நொடியில் கத்துவார்.

"கண்ணாடியப் பாருன்னா உன் மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரிய!"

"கியரை ஏன் இப்படிக் குலுக்கறே? அது என்ன கிலுகிலுப்பையா?"

"தெரிஞ்சவங்களைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடுவியா? ஸ்டியரிங்கை யாரு பிடிப்பா, நானா?"

வயது, பதவி எதுவும் பார்க்கமாட்டார். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியவர்கள் உண்டு. ஆனால் அவரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் சோதனையில் தவறுவது அபூர்வம். அழுதுகொண்டு போனவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "அந்த சார்கிட்டயே விடுங்க" என்பார்கள்.

வீட்டிலும் அவர் பயிற்சியாளர் இருக்கையில்தான் இருந்தார். மனைவி கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும். சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் அவளும் மகளும் முட்டிக்கொண்டால், "திரும்பறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கக் கூடாதா ரெண்டு பேரும்?" என்று அங்கிருந்தே கத்துவார்.

"பயமெல்லாம் எப்பவோ போயிடுச்சுக்கா. காதுதான் வலிக்குது" என்று மனைவி தன் அக்காவிடம் சொன்னாள்.

ஒரு மத்தியானம் அவர் ஒரு டெய்லருக்கு ரிவர்ஸில் வண்டி நிறுத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். டெய்லருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. துணியை நூல் பிசகாமல் வெட்டுகிற தனக்கு இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியை நுழைக்க வரவில்லை என்பது அவருக்கே ஆச்சரியம். பாதியில் ஹாரனின் சத்தம் நின்றது. சத்தம் இல்லையென்றால் சரியாகச் செய்கிறோம் என்று டெய்லர் எடுத்துக்கொண்டார். தைரியம் வந்தது. ஒடித்தார், நேராக்கினார், வண்டி எதிலும் உரசாமல் உள்ளே போய் நின்றது. கற்றுக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தார். ஹாரன் மார்பைப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

டெய்லர் அதுவரை மெயின் ரோட்டுக்குப் போனதில்லை. ஆஸ்பத்திரிவரை இரண்டாவது கியரிலேயே போனார். மாற்றச் சொல்ல ஆளில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன.

வார்டில் கண் திறந்ததும் ஹாரன் கேட்ட முதல் கேள்வி, "மூணாவது கியர் எதுக்கு வச்சிருக்கான்?" என்பது. இனிப் பயமில்லை என்று மனைவி அப்போதுதான் அழுதாள்.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் ஒன்று அடைத்திருந்தது. திறந்துவிட்டார்கள். இடது பக்கத் தசையில் ஒரு பகுதி அடிபட்டிருந்தது. துடிப்பு தாறுமாறாக ஓடாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். "அடிபட்ட இடம் தேறணும். நடங்க, சாப்பிடுங்க, அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். அவர் கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண். "கொஞ்ச மாசம் போகட்டும். டிரெட்மில்லுல நடக்கவச்சுப் பாக்கறேன். அதுல தேறினா மறுபடி வண்டியில உக்காரலாம்."

"வண்டிக்குத் திரும்பிடணும் டாக்டர்" என்றார் ஹாரன். "வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அவர் நல்லவரானார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. நோயாளி, கத்தமாட்டார் என்று இருந்தார்கள். பிறகு ஒருநாள் மனைவி கண்ணாடி ஜாடியைத் தவறவிட்டாள். அது கூடம் முழுக்கச் சிதறியது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக, "கால்ல... குத்திடுச்சா?" என்று கேட்டார். அவள் ஜாடியைவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைப் பின்னால் எடுத்து இவர்கள் கேட்டில் இடித்தபோது, "பரவாயில்ல... எல்லாருக்கும்... நடக்கறதுதானே" என்றார். எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் அன்று சாயங்காலமே ஆள் கூட்டிவந்து கேட்டைச் சரிசெய்து கொடுத்தார்.

மனைவியின் அக்கா பார்க்க வந்தாள். பழைய கணக்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து ஓட வசதியாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா" என்றார் ஹாரன். "ரொம்ப நாளாச்சு... வந்து."

அக்கா வெளியே வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ணினே மாப்பிள்ளைய?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. சாவைப் பாத்துட்டு வந்தவரு. பக்குவம் வந்துடுச்சு."

"முகம்கூட எப்படி ரொம்பிப்போய்க் களையா இருக்கு பாரு. உடம்பு நல்லாத் தேறிட்டாரு. எங்க வீட்டுல இருக்கறதுக்கும் லேசா ஒரு தடவை மாரடைப்பு வந்துட்டுப் போனாத் தேவல."

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கும் சந்தோஷம். டிரெட்மில் சோதனைவரை வண்டி கிடையாது, ஆனால் போர்டு வகுப்பு எடுக்கலாம் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். சாலைக் குறியீடுகளைப் பலகையில் வரைந்து சொல்லித்தரும் வகுப்பு. வெயில் கொளுத்தும்போதும் ஹாரன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அணைக்கச் சொல்லிவிட்டு, "இது... வளைவு. வளைவு வந்தா... மெதுவாப் போகணும்" என்று கரகரத்த குரலில் சொல்வார். மாணவர்கள் வியர்வையோடு தூங்கினார்கள். ஆனால் ஒருவர்கூட நின்றுபோகவில்லை. சார் மாதிரி தங்கமான மனிதர் இல்லை என்று வெளியே சொன்னார்கள். முதலாளி புதிதாக நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

டெய்லர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆளிடம் கற்றுக்கொள்ள மாட்டேன், சார் வரும்வரை காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

டிரெட்மில் சோதனைக்கு நாள் வந்தது. பட்டை ஓட ஆரம்பித்து, வேகம் முதல் தடவை கூடியதுமே ஹாரனுக்கு மூச்சு வாங்கியது. மிஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. இயக்கிய இளைஞனிடம், "உங்களுக்குச்... சிரமம் குடுத்துட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார். கை சில்லென்றிருந்தது. கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். மனைவியிடம் திரும்பினார்.

"எப்பவுமே இப்படித்தான் மெதுவாப் பேசுவாரா?"

"இல்ல டாக்டர். இப்பத்தான் மனுஷன் மாதிரி பேசறாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகமா எரிக்கணும், எவ்வளவு வேகமா ஓடணும்னு அதுதான் ரத்தம் வழியாச் சொல்லி அனுப்பும். எல்லா உறுப்பும் கேக்கும், இதயம் ரொம்பவே கேக்கும். சேதி வரலன்னா இதயம் மெதுவா அடிக்கும். அழுத்தமாச் சுருங்காது, விரியறதுக்கும் சோம்பல் படும். இவருக்கு அது ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஏற்கெனவே அடிபட்ட இதயம். தேறவேண்டிய இடம் தேறாமக் கிடக்கு."

"நல்லாத் தேறிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்களே. முகம்கூட ரொம்பிப்போய்..."

"அது தேறினது இல்லம்மா. வீக்கம்."

மனைவி கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"துடிப்புக்குக் குடுத்த மாத்திரையில அயோடின் இருக்கு. சிலருக்கு அது சுரப்பிய முடக்கிடும். அதை மாத்திடறேன். இனிமே குறையற சுரப்பை நாமளே மாத்திரையாக் குடுக்கணும். துளியாத்தான் ஆரம்பிப்பேன். அடிபட்ட இதயத்தை எடுத்த எடுப்புல விரட்டினா மறுபடி மார்வலி வந்துடும்."

ஹாரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

"நியூட்ரல்லேர்ந்து..." என்றார். "நேரா... நாலாவதுக்குப் போகக்கூடாது."

"அதேதான்" என்றார் டாக்டர். "காலையில எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடணும். ஒரு மணி நேரத்துக்குக் காபி, பால் எதுவும் வேண்டாம். கூடச் சேர்ந்தா மாத்திரை உடம்புல ஒழுங்காச் சேராது."

மனைவி தயங்கினாள். "டாக்டர், இதைப் போட்டா இவரு பழையபடி ஆயிடுவாரா?"

"ஆயிடுவாரு. கவலைப்படாதீங்க."

அவள் கவலையே அதுதான் என்பது டாக்டருக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

"இதயம் மட்டும் பழையபடி ஆகற மாதிரி..." என்று இழுத்தாள் மனைவி.

"இதயத்துக்குத் தனியா வாய்க்குத் தனியா மாத்திரை வரலம்மா இன்னும்."

மற்ற மாத்திரைகளையெல்லாம் அவள் காலையில் காபியோடுதான் கொடுத்துவந்தாள். முதல் நாள் இதையும் அவற்றோடு சேர்த்து எடுத்துவைத்தாள். காபியைக் கலந்து முடித்தபோதுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆறிப்போகுமே என்று கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டு, "நீ... குடிச்சியா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் நினைவு முன்னாலேயே வந்தது. அப்போதும் காபி கலந்தாள். ஒருநாள் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்றிருந்தது. அன்றும் கேட்டார்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. அவளும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் உட்கார ஆரம்பித்தாள். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் பாதிக் காபி தீர்ந்துவிடும். அவளுக்கு அவசரமில்லை.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டாக்டரின் புருவம் சுருங்கியது.

"ஏறவே இல்லையே. மாத்திரைய ஒழுங்காக் குடுக்கறீங்களா?"

"ஒருநாளும் தவறல டாக்டர்" என்றாள் மனைவி. அதில் பொய் எதுவும் இல்லை என்பதை அவள் தனக்குள் சரிபார்த்துக்கொண்டாள்.

டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். பெரிய மாத்திரைகள் வீட்டுக்கு வந்தன.

அந்த வாரம் டெய்லர் முதலாளியிடம் போய் நின்றார். ரோட்டுக்கு வேண்டாம், ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் ஒரே ஒரு தடவை சார் பக்கத்தில் உட்காரட்டும் என்று கெஞ்சினார். முதலாளி ஒத்துக்கொண்டார். துணைக்கு மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஹாரன் ஸ்வெட்டரோடு தன் பழைய இடத்தில் ஏறி, சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பெடல்களின் மேலும் கால்களை வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பின்னால் இருந்த அவளுக்கு அது கண்ணாடியில் தெரிந்தது.

மைதானத்தின் ஓரத்தில் காலித் தகர டிரம்களை வரிசையாக வைத்திருந்தார்கள். டெய்லர் ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் பார்க்கவேண்டியவர், பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஹாரனின் வாயைப் பார்த்தார்.

"நில்..." என்றார் ஹாரன்.

பழைய நாளில் "நில்லு" என்பதோடு முடிந்திருக்கும். இப்போது மரியாதையும் சேர்ந்துகொண்டது. "...லுங்க" வந்து சேர்வதற்குள் வண்டி டிரம்களுக்குள் போய்விட்டது. அவை ஒன்றன் மேல் ஒன்றாக உருண்டு மைதானம் முழுக்கச் சத்தமிட்டன. அதற்குப் பிறகுதான் ஹாரனின் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது.

டெய்லர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"திட்டுங்க சார்."

"பரவாயில்ல டெய்லர்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க சார். நீங்க திட்டாம எனக்கு முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியல."

ஹாரன் தன் வலது காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு யாருடையதோ போல.

"கால்... வரல" என்றார். "டிரம்முக்குப் பதிலா ஆளா இருந்தா?" காலைப் பெடலிலிருந்து எடுத்தார். "முதலாளிகிட்டச் சொல்லிடறேன். நான்... போர்டுலயே இருந்துக்கறேன்."

சண்டையில்லாமல், வருத்தம்கூட இல்லாமல் சொன்னார். கேட்டை இடித்த எதிர்வீட்டுக்காரரிடம் சொன்ன அதே குரல். மனைவிக்குப் பின்சீட்டில் உட்கார முடியவில்லை. இறங்கிப் போய் டிரம்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"காபியோடயா?" என்றார் டாக்டர்.

"பால் நிறைய விட்டு."

"நான் சொன்னது மறந்துபோச்சா?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு அமைதியா இருந்தாரு டாக்டர்" என்றாள் மனைவி. "நீ குடிச்சியான்னு கேட்டாரு."

டாக்டர் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று மனைவிக்குத் தெரியாது. திரும்பியபோது குரல் கறாராக இருந்தது.

"நல்லவேளை வந்து சொன்னீங்க. மாத்திரை சேரலன்னு நினைச்சு அளவைக் கூட்டிட்டேன். அந்தப் பெரிய மாத்திரைய நீங்க தண்ணியில குடுத்திருந்தீங்கன்னா அந்த இதயம் தாங்கியிருக்காது. பழைய சின்னதுக்கே போங்க. தண்ணியில. நான் மெதுவா ஏத்தறேன்." பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்ல."

"சொன்னாக் கோவிச்சுக்குவாரா?"

"இப்பச் சொன்னா பரவாயில்லம்பாரு."

"அப்பறம் என்ன?"

"அதனாலதான் சொல்லல டாக்டர்."

அன்றிலிருந்து அவள் தண்ணீர் டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றாள். விழுங்கியதைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். பால் பாத்திரத்தை அடுப்பிலேற்றுவதற்கே நேரம் பார்த்தாள். காபி ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தார்.

மாற்றம் வாசல் வழியாக வரவில்லை. எங்கெங்கோ இருந்து வந்தது. ஸ்வெட்டர் நாற்காலியிலேயே கிடந்தது. கன்னம் இறங்கி, பழைய எலும்பு தெரிந்தது. போர்டு வகுப்பில் மின்விசிறி சுற்றியது, மாணவர்கள் விழித்திருந்தார்கள். அவர் கடைத்தெருவரை நடந்துபோய், நிற்காமல் திரும்பிவந்தார். டாக்டர் மாத்திரையை ஒரு படி ஏற்றினார், பிறகு இன்னொரு படி.

அக்கா தொலைபேசியில், "மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று விசாரித்தாள்.

"இந்த வீட்டுல ஜன்னலத் திறக்கற பழக்கமே கிடையாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "நான் அடுத்த மாசம் வரேன்டி."

மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். முதலாளி மட்டும் புது நாற்காலிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஒரு காலையில் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"காபி எங்க?" என்றார். "ஒரு மணி நேரமாச்சு."

அவள் கலந்து கொடுத்தாள். தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் செய்தித்தாளை உதறி விரித்து, அதிலிருந்த விபத்துச் செய்தியைத் திட்டிக்கொண்டே குடித்து முடித்தார். அவள் குடித்தாளா என்று கேட்கவில்லை. அவள் மீதியை நின்றுகொண்டே குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

இரண்டாவது டிரெட்மில் சோதனையில் அதே இளைஞன்தான். பட்டையின் வேகம் முதல் தடவை கூடியது. ஹாரன் நடந்தார். இரண்டாவது தடவை கூடியது. முன்பக்கம் மேடாக உயர்ந்தது.

"ஏம்ப்பா, சொல்லாமக்கொள்ளாம வேகத்தை ஏத்தறே? ஒரு சிக்னல் கிடையாதா?"

"சார், பேசாம நடங்க சார். கிராஃப் ஆடுது."

"ஆடட்டும்! மேடு வரப்போகுதுன்னு முன்னாடியே சொல்லணும். உனக்கு யாருப்பா சொல்லிக்குடுத்தது இதெல்லாம்?"

திட்டிக்கொண்டே கடைசிவரை நடந்தார். டாக்டர் காகிதச் சுருளை இழுத்துக் கோடுகளைப் பார்த்தார். அடிபட்ட தசை முழுக்கப் பழையபடி ஆகாது, ஆனால் நன்றாகத் தேறியிருக்கிறது என்றார். மாத்திரை எப்போதும் உண்டு, தண்ணீரில்தான் என்று சொல்லும்போது மனைவியைப் பார்த்தார். வண்டியில் உட்காரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்தபோது ரோடு நிரம்பி வழிந்தது. எதிர்ப்பக்கம் போக நடைமேம்பாலம்தான் வழி. இரும்புப் படிகள் செங்குத்தாக மேலே போயின. டாக்சி பிடிக்கலாமா என்று மனைவி கேட்டாள். எதிர்ப்பக்கம் போவதற்கு டாக்சியா என்றார்.

முதல் படியில் கால் வைக்கும்போது அவள் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தைராய்டு மாத்திரைய நான் ஆரம்பத்துல காபியோட குடுத்தேன். தண்ணியிலதான் குடுக்கணும்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். அதான் மாசக்கணக்கா ஏறல."

அவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார். பரவாயில்ல என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

"காபியா?" என்றார். பிறகு ஏற ஆரம்பித்தார். "காபியா! ஒரு மனுஷன் மூச்சு வாங்கிட்டுக் கிடக்கான், டிரம்முல கொண்டுபோய் இடிக்கறான், நீ பால் விட்டுக் கலந்து குடுத்திருக்கே! ஏன்?"

"கத்தாம இருந்தீங்க" என்றாள் அவள் பின்னால் ஏறிக்கொண்டே.

"கத்தாம இருந்தேனா? நான் எப்பக் கத்தினேன்?"

மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் கம்பியோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிச்சா வண்டி எங்க போகும்? சொல்லு! ஒரு கையில மருந்தக் குடுத்து மறு கையில தடுக்கறதா? டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? விழுந்துச்சு! விழுந்தும்! அதை இவ்வளவு நாள் மனசுலயே வச்சிருந்து, ஆஸ்பத்திரி வாசல்ல, ரோட்டுல, இத்தனை பேருக்கு நடுவுல சொல்றே! வீட்டுல சொல்றதுக்கு இடமில்லையா?"

அவர் நிற்கவில்லை. கைப்பிடியைத் தொடவும் இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு எடுத்தாரா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. பாதிப் படிகளில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவள் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்தார். திரும்பி, ரோட்டின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"என்ன, பாதி வழியில நின்னுட்டே?"

அவளுக்கு மூச்சும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையைத் தூக்கி ஆட்டினாள்.

"வரேன். நீங்க திட்டிட்டே இருங்க."